பங்குனி ஆமையும் மாறும் பருவமும்: வெப்பநிலை உயர்வும் இராமநாதபுரக் கடற்கரை ஊர்வனவற்றின் இனப்பெருக்கக் காலமும்

ஆய்வுச்சுருக்கம்

ஊர்வன தம் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறுபவை. அதனால் அவை இணைசேரும் காலமும் முட்டையிடும் காலமும் முட்டை பொரியும் காலமும் வெப்பநிலையோடு பிணைந்துள்ளன. அவற்றுள் பலவற்றில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் முட்டை கிடக்கும் மண்ணின் வெப்பமே முடிவுசெய்கிறது. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமை இக்கட்டுரையின் முதன்மைச் சான்றாகும். சென்னையை அடுத்த முதலைப் பண்ணையின் நன்னீர் முதலையும் முதுகுளத்தூர்ப் பகுதிக் கண்மாய்க் கரைகளில் காணப்படும் ஓணானும் துணைச்சான்றுகளாகும். முட்டையிடும் பருவத்தை முன்னகர்த்தி வெப்பத்திலிருந்து தப்புவதற்கு இக்கடற்கரையில் உள்ள இடம் மிகக் குறுகியது என்பதும், நாட்காட்டியை நம்பி இயங்கும் நம் பதிவுமுறையால் அம்மாற்றத்தைக் கண்டறிய இயலாது என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

பங்குனி ஆமை, பருவ நிகழ்வியல், வெப்பநிலை சார் பால் நிர்ணயம், மன்னார் வளைகுடா, தனுஷ்கோடி, பொரிப்பகம், ஓணான்

முன்னுரை

கடல் ஆமைகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் உருவத்தை நோக்கி அமைந்தவை. உடலின் பருமையால் பேராமை, ஓட்டின்மேல் ஓடும் வரிமேடுகளால் ஏழுவரி ஆமை, தலையின் அளவால் பெருந்தலை ஆமை எனப் பெயர்கள் அமைந்தன. ஒன்றுமட்டும் காலத்தால் பெயர்பெற்றது. சிற்றாமை என்றும் வழங்கப்படும் அந்த இனத்தைக் கடற்கரை மக்கள் பங்குனி ஆமை என்கின்றனர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் இன்று மிகுதியாக முட்டையிடும் கடல் ஆமை இதுவே.

ஆமை கரையேறி முட்டையிடுவதைத் தமிழர் உற்றுநோக்கிய வரலாறு நெடியது. அகநானூற்றின் 160ஆம் பாடல் சூல் நிறைந்த ஆமை அடும்பங்கொடி சிதையக் கரையேறி, வெண்மணலில் முட்டைகளைப் புதைத்து மறைப்பதைக் காட்டுகிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை முட்டைகளைக் காத்திருக்கும் என்றும் அப்பாடல் கூறுகிறது. ஆண் கடல் ஆமை முட்டையைக் காப்பதில்லை. தாயும் புதைத்த இரவே கடலுக்குத் திரும்பிவிடுகிறது. எனவே அப்பகுதியைக் கற்பனை எனக் கொள்ளலாம். ஆனால் அடும்பும் வெண்மணலும் கற்பனை அல்ல. ஓதநீர் எட்டாத உயரத்தில், அடும்பு படரத் தொடங்கும் மணற்பட்டையே ஆமை தேடும் இடம். அதற்குக் கீழே புதைத்தால் முட்டைகள் நீரில் மூழ்கும். அதற்கு மேலே சென்றால் வேர்கள் குறுக்கிடும். மணலின் நிறமும் பொருட்படுத்த வேண்டியதே. வெண்மணல் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கருமணல் அதனை உள்வாங்குகிறது. பவளத் துகள் கலந்த மன்னார் வளைகுடாத் தீவுகளின் மணலும் மணவாளக்குறிச்சியின் கருமணலும் ஒரே வெயிலில் ஒரே வெப்பம் அடைவதில்லை.

வெப்பநிலை எவ்வாறு காலத்தை இயக்குகிறது

பாலூட்டிகளும் பறவைகளும் உணவை எரித்து உடல் வெப்பத்தை நிலைநிறுத்துகின்றன. ஊர்வனவற்றுக்கு அவ்வசதி பெரும்பாலும் இல்லை. சுற்றுப்புறம் வெம்மையுற்றால் செரிமானமும் முட்டைக்கரு வளர்ச்சியும் விரைவுபெறுகின்றன, குளிர்ந்தால் தாமதமாகின்றன. பகற்பொழுதின் நீளம், மழை, உணவு ஆகியவையும் இனப்பெருக்கத் தொடக்கத்தைத் தூண்டுகின்றன. எனினும் தூண்டப்பட்ட செயலின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது வெப்பநிலையே.

கடல் ஆமையின் வாழ்வில் இது நான்கு இடங்களில் செயற்படுகிறது. முதலாவது, மேய்ச்சற்கடலில் தாயின் உடலில் முட்டைக்கரு முதிர்வதற்கு ஆகும் காலம். இரண்டாவது, முட்டையிடும் கரைக்கு அப்பாலுள்ள நீரின் வெப்பம். ஒரு பருவத்தில் ஒரே ஆமை ஒன்றுக்கு மேற்பட்ட முறை முட்டையிடும். நீர் வெம்மையுற்றால் இரு முறைகளுக்கும் இடையிலுள்ள நாள்கள் குறைகின்றன. மூன்றாவது, மணலில் முட்டை அடைகிடக்கும் காலம். பங்குனி ஆமை ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இடுகிறது. அவை பொரிய 45 முதல் 60 நாள்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில் பெரும்பங்கு மணலின் வெப்பத்தால் விளைவது. நான்காவதுதான் மற்ற மூன்றையும் விடக் கவலைக்குரியது. அது குஞ்சின் பால் பற்றியது.

மனிதரில் பால் கருவுற்ற கணத்திலேயே குரோமோசோமால் முடிவாகிறது. கடல் ஆமைகளில் அத்தகைய குரோமோசோம் வேறுபாடு இல்லை. அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில் மணல் எவ்வளவு வெம்மையாக இருந்தது என்பதே பாலை முடிவுசெய்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸ் அளவில் ஆணும் பெண்ணும் சமமாகப் பிறக்கின்றன. அதற்குச் சற்றுக் கீழே ஆண்கள் மிகுகின்றன. சற்று மேலே பெண்கள் மிகுகின்றன. இருபுறமும் இரண்டொரு பாகை நகர்ந்தாலே குழி முழுதும் ஒரே பாலாகிவிடும். மேலும் ஏறி 34, 35 பாகையை எட்டி அங்கேயே நின்றால் கருக்கள் மடிகின்றன. ஊர்வனவற்றில் வெப்பநிலை பாலை நிர்ணயிக்கும் என்பதை 1966இல் செனகல் நாட்டில் ஓணான் குடும்பப் பல்லி ஒன்றை ஆய்ந்த மதலேன் சார்னியே முதலில் வெளியிட்டார். பங்குனி ஆமையிலும் அவ்வாறே நிகழ்வதை ஒடிசாவில் பிரியம்வதா மகந்தி ஹெஜ்மாடியும் மேரி டைமண்டும் 1980களில் நிறுவினர்.

காலமும் வெப்பமும் ஒன்றாகும் இடம்

மேற்கண்டவற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. கடல் ஆமை தன் முட்டையைச் சுமந்து வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்ற இயலாது. புதைத்த பின் அதன் கையில் எதுவும் இல்லை. எனவே எந்த நாளில் கரையேறுவது என்பதே அது தன் குஞ்சுகளுக்காகத் தேர்ந்தெடுக்கும் வெப்பநிலை ஆகிறது.

இதை இராமேசுவரம் தீவின் ஆண்டு ஓட்டத்தில் பொருத்திப் பார்க்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றும் அலையும் கரையை அரிக்கும் காலம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில் வீசியது என்பது இம்மாதத்தின் இயல்பை நினைவூட்டப் போதும். ஜனவரியில் கடல் அடங்குகிறது, மணல் காய்கிறது, ஆமைகள் கரையேறத் தொடங்குகின்றன. அரிச்சல்முனை, கம்பிப்பாடு, முகுந்தராயர் சத்திரம் ஆகிய இடங்களில் வனத்துறையினர் விடியலுக்கு முன் ஆமைத் தடங்களைத் தேடி முட்டைகளைச் சேகரிப்பது இக்காலத்தில்தான். தை மாதத்தில் இட்ட முட்டை மாசி இறுதியில் அல்லது பங்குனியில் பொரிகிறது. பங்குனியில் இட்ட முட்டையோ சித்திரை, வைகாசி வெயிலில், கத்திரி நாள்களை ஒட்டிப் பொரிகிறது. ஒரே கரையில் ஒரே இனம் இட்ட முட்டைகளே ஆயினும் முற்பகுதிக் குழிகளில் ஆண்களுக்கு வாய்ப்புள்ளது. பிற்பகுதிக் குழிகளில் பெண்களே மிகுவதற்கும், மிகுவெப்பத்தால் கருக்கள் அழிவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது இக்கரையின் ஆண் ஆமைகள் பெரும்பாலும் பருவத்தின் தொடக்க வாரங்களின் பிள்ளைகள் எனக் கருத இடமுண்டு.

இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் சராசரியாக 1 பாகை செல்சியஸ் வெம்மையுற்றது. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கோடையில் பவளங்கள் பெருமளவு வெளிறியது அவ்வுயர்வின் கண்கூடான விளைவு. இச்சூழலில் ஆமைகள் தம் பருவத்தை முன்னகர்த்திக்கொண்டால் பழைய வெப்பநிலையிலேயே முட்டையிடலாமே என்னும் வினா எழுவது இயல்பு.

அவை அவ்வாறு செய்யக்கூடியவை என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில் பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் நடுநாள் 1989 முதல் 2003 வரையிலான 15 ஆண்டுகளில் ஏறத்தாழ 10 நாள்கள் முன்னகர்ந்ததை வைஷாம்பெல் குழுவினர் 2004இல் வெளியிட்டனர். அம்மாற்றம் கடல்நீர் வெப்ப உயர்வோடு ஒத்துச் சென்றது. ஆனால் எல்லா இடங்களிலும் நகர்வு ஒரே திசையில் இல்லை. கோஸ்டா ரிக்காவின் பிளாயா கிராண்டே கரையில் ஏழுவரி ஆமைகளின் முட்டையிடல் பின்னோக்கித் தள்ளிப்போயிருப்பதாக 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கரையருகே உள்ள நீர் மட்டுமன்றித் தொலைவிலுள்ள மேய்ச்சற்கடலின் நிலையும் ஆமையின் புறப்பாட்டை நிர்ணயிப்பதால் இவ்வேறுபாடு எழுகிறது. ஒடிசாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட பங்குனி ஆமைகள் இலங்கைக் கடல்வரை சென்றதை எண்ணினால், தனுஷ்கோடியின் ஆமைப் பருவத்தைத் தனுஷ்கோடியில் மட்டும் அளந்து அறிய முடியாது என்பது விளங்கும்.

நம் கரைக்கெனத் தனியே ஒரு தடையும் உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய கரைகளில் மாதத்திற்கு மாதம் வெப்பநிலை பெரிதும் மாறுகிறது. ஆகவே சில நாள்கள் முன்னே சென்றாலே குளிர்ந்த மணல் கிடைக்கும். பாம்பன் போன்ற இடத்தில் ஜனவரிக்கும் மே மாதத்திற்கும் உள்ள வேறுபாடு சில பாகைகளே. எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஜனவரி முதல் மணல் மாதத்திற்கு ஒரு பாகை வீதம் சூடேறுவதாகக் கொள்வோம். 1 பாகை உயர்வை ஈடுசெய்ய ஆமை ஒரு முழு மாதம் முன்னே வரவேண்டும். ஜனவரியில் வந்தது டிசம்பரில் வரவேண்டும். டிசம்பரோ மழைக்கும் அலைக்கும் உரிய மாதம். புளோரிடாவின் வேகத்திலேயே நகர்ந்தாலும் 10 நாள்களுக்கு 15 ஆண்டுகள் ஆகின்றன. முன்னால் பருவமழை, பின்னால் கத்திரி வெயில்; இரண்டிற்கும் இடையே உள்ள ஒடுக்கமான சந்தில்தான் இவ்வினத்தின் பருவம் நிற்கிறது. வெயில் சந்தின் ஒரு சுவரை உள்ளே தள்ளுகிறது. மறுசுவர் விலகிக் கொடுக்கும் என எதிர்பார்க்க இயலாது.

அவ்வாறு பருவம் நகராமல் வெப்பம் மட்டும் உயர்ந்தால் நேர்வது என்ன என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு விடையளிக்கிறது. அதன் வடபகுதிக் கரைகளில் பிறந்த பேராமைகளுள் வளர்ந்தவற்றில் ஏறத்தாழ 87 விழுக்காடும், இளையவற்றில் 99 விழுக்காட்டுக்கு மேலும் பெண்கள் என்று 2018இல் ஜென்சன் குழுவினர் வெளியிட்டனர். ஓர் ஆண் பல பெண்களோடு இணைசேரும் என்பதாலும், ஆண்கள் அடிக்கடி இனப்பெருக்கத்திற்கு வரும் என்பதாலும் பெண்கள் ஓரளவு மிகுவது தீங்கன்று. முட்டைகள் பெருகவும் கூடும். ஆகவே உடனடி அழிவு என அஞ்சுவது மிகை. ஆனால் கடல் ஆமை முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் ஆவதால், இன்று ஆண்களே இல்லாமல் பொரியும் குழிகளின் விளைவு கரையில் தெரியவரும்போது ஒரு தலைமுறை கடந்திருக்கும்.

முதலையும் ஓணானும்

தமிழ்நாட்டிலேயே இவ்வியலில் தொடக்கநிலை ஆய்வு நிகழ்ந்த இடம் ஒன்றுண்டு. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் வடநெம்மேலியில் நிறுவிய சென்னை முதலைப் பண்ணையில், ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ் ஆகியோர் நன்னீர் முதலையின் முட்டைகளைப் பல்வேறு வெப்பநிலைகளில் அடைவைத்துப் பார்த்தனர். 28 முதல் 31 பாகை வரை பெண்களே பிறந்தன, 32.5 பாகையை ஒட்டி ஆண்கள் பிறந்தன. அதற்கும் மேலே பெண்கள் மீண்டும் தோன்றின. ஆமையில் வெப்பம் பெண்ணைத் தருகிறது. முதலையில் ஒரு குறுகிய வெப்ப அளவு ஆணைத் தருகிறது. ‘வெப்பம் கூடினால் பெண்கள் பெருகும்’ என்று நாளிதழ்களில் பொதுவாக எழுதப்படும் கூற்று ஊர்வன அனைத்திற்கும் பொருந்தாது. அப்பண்ணையின் பெண் முதலைகள் ஒரே ஆண்டில் இருமுறை முட்டையிடுவதும் பதிவாகியுள்ளது. ஒரு தாயின் முதல் ஈடும் இரண்டாம் ஈடும் வெவ்வேறு வெப்பத்தில் அடைகிடக்கும் என்பதால், காலம் பாலை மாற்றும் என்னும் கருத்தைக் கண்முன் காட்டும் சான்றாக அது அமைகிறது.

உள்நாட்டில் நிலைமை வேறு. முதுகுளத்தூரைச் சுற்றிக் காஞ்சிரங்குளம், சித்திரங்குடி முதலிய கண்மாய்கள் உள்ளன. இவ்விரண்டும் 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. பறவைகளுக்காக அறியப்பட்ட இக்கண்மாய்களின் கரைமேடுகள் ஓணான்களுக்கும் வாழிடம். ஓணான் ஈரம் பதிந்த மண்ணில் குழிபறித்து முட்டையிடுவது. ஆதலால் அதன் பருவத்தை வெப்பத்தோடு மழையும் சேர்ந்தே இயக்குகிறது. கர்நாடகத்தில் நிகழ்ந்து 2012இல் வெளியான ஆய்வு, அடைவெப்பம் ஏற ஏற ஓணான் குஞ்சுகள் பெண், ஆண், பெண், ஆண் என மாறிமாறிப் பிறக்கும் அரியதொரு முறையைக் காட்டியது. இத்தகைய இனத்தில் 1 பாகை உயர்வு பெண்களைக் கூட்டுமா குறைக்குமா என்பது முட்டை எந்த வெப்பத்தில் தொடங்கியது என்பதைப் பொறுத்தது.

ஓணானுக்கு ஆமைக்கில்லாத வாய்ப்புகள் உண்டு. அது நிழலைத் தேர்ந்தெடுக்கலாம். மழைக்காகச் சில வாரங்கள் காத்திருக்கலாம். ஒரு பருவத்தில் மீண்டும் முயலலாம். ஆயினும் அதன் நிழலை இன்று தருவது எது என்று கேட்டால், இவ்வட்டாரத்தில் பல இடங்களில் விடை சீமைக்கருவேலமாகவே இருக்கும். நிலத்தடி நீருக்கும் வேளாண்மைக்கும் தீங்கெனப் பழிக்கப்படும் அம்மரம் வெட்டப்படும்போது கரைமண்ணின் வெப்பம் எவ்வாறு மாறுகிறது என்பது ஆராயத்தக்கது. அம்மரத்தைக் காக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. வெட்டிய இடத்தில் நாட்டு மரம் எதுவும் வளராமல் வெட்டவெளி மட்டுமே எஞ்சினால், முட்டையிடும் உயிர்களுக்கு அது வேறொரு நிலமாகிவிடும்.

2016இல் தமிழ்நாட்டிலிருந்து புதிய இனமாக விவரிக்கப்பட்ட விசிறித்தொண்டை ஓணான் ஒன்றின் அறிவியற்பெயரில் ‘விசிறி’ என்னும் தமிழ்ச்சொல்லே இடம்பெற்றுள்ளது. கோடையில் ஆண் தன் தொண்டை விசிறியை விரித்துத் துணையை அழைக்கும் இக்குழுவும் இத்தகைய ஆய்வுக்கு ஏற்றது. விசிறி விரியும் நாளைத் தொலைவிலிருந்தே பதிவுசெய்யலாம்.

நாட்காட்டியின் குறைபாடு

பங்குனி ஆமை என்னும் பெயரை வைத்துக்கொண்டு, ‘முன்பு பங்குனியில் வந்தது, இப்போது தை மாதத்திலேயே வருகிறது, எனவே பருவம் முன்னகர்ந்துவிட்டது’ என வாதிடுவது எளிது. அது கவர்ச்சியான வாதம், ஆனால் ஏற்கத்தக்கதன்று. பெயர் வரத்தின் உச்சத்தைக் குறித்திருக்கலாம். மீனவர் வலையில் மிகுதியாகப் பட்ட மாதத்தைக் குறித்திருக்கலாம். குஞ்சுகள் கடலுக்கு ஓடிய காட்சியைக் குறித்திருக்கவும் கூடும். பெயர் ஒரு நல்ல வினா, தரவாகாது.

தரவு எங்குள்ளது? சென்னைக் கடற்கரையில் 1970களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தோர் இரவில் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரித்தனர். 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு அப்பணியைத் தொடர்கிறது. தனுஷ்கோடியில் வனத்துறை பொரிப்பகம் அமைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. இப்பணிகளின் மதிப்பை எவரும் குறைத்துக் கூற இயலாது. ஆனால் ரோந்து பொதுவாகப் புத்தாண்டை ஒட்டியே தொடங்குகிறது. ரோந்து தொடங்குமுன் வந்த ஆமையின் தடத்தை அலை அழித்துவிடும். முதல் குழி கண்ட நாள் எனக் குறிக்கப்படுவது ஆமை வந்த முதல் நாளா, மனிதர் நடந்த முதல் நாளா என்பதை அக்குறிப்பு தாமே கூறாது. பருவ நகர்வை அறியவேண்டிய ஆய்வாளருக்கு இக்குறை மிகப் பெரியது.

கடலிலும் நாட்காட்டியே ஆள்கிறது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. மீன்வளத்தைக் கருதி வகுக்கப்பட்ட அத்தடை தொடங்கும்போது ஆமைப் பருவம் ஏறத்தாழ முடிந்திருக்கும். 2025 ஜனவரியில் சென்னையையும் அதனை அடுத்த கரைகளையும் ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அத்தடைக்கு மூன்று மாதங்கள் முன்னரே அவை கரையோரக் கடலில் திரண்டிருந்தன என்பதே அதன் பொருள். ஆமைகளுக்கென ஜனவரி முதல் ஏப்ரல் வரை கரையோர இழுவலைக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடும் மாதத்தின் பெயராலேயே அமைந்துள்ளது. பருவம் டிசம்பருக்குள் நுழையுமானால் அந்த ஆமைகள் எந்த ஆணையின் காப்பிலும் அடங்கா. இதனால் மீனவரின் வருவாய் நாள்களை மேலும் குறைக்க வேண்டும் என்று உடனே முடிவுகட்டுவதும் முறையன்று. நகர்வு உண்மையா என்பது முதலில் நிறுவப்பட வேண்டும்.

பொரிப்பகத்தின் வெப்பம்

பொரிப்பகம் என்பது மனிதன் ஆமைக்காக வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்கும் இடம். பெரும்பாலும் அறியாமலே தேர்ந்தெடுக்கிறான். நீளமாகப் பரந்திருந்த குழிகள் ஒரே வேலிக்குள் கொண்டுவரப்படும்போது அவற்றுக்கிடையே இருந்த இயற்கை வேறுபாடு மறைகிறது. ஒரு குழி சவுக்கு மரநிழலிலும், மற்றொன்று அடும்பின் ஓரத்திலும், வேறொன்று வெட்டவெளியிலும் இருந்திருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பிறந்திருக்கும். ஒரே வெயிலில் ஒரே ஆழத்தில் வரிசையாகப் புதைத்தால் ஒரே பாலாகப் பொரியும் அபாயம் உண்டு. ஆழம் குறைந்த குழி கூடுதலாகச் சூடேறும். வளரும் கருக்களும் தம் உயிர்ச்செயலால் குழியின் வெப்பத்தை மேலும் உயர்த்தும்.

இதற்குரிய தீர்வுகள் செலவு மிக்கவை அல்ல. பனை வளம் மிக்க இம்மாவட்டத்தில் பனையோலைப் பந்தலே போதுமான நிழல். ஆனால் எல்லாக் குழிகளுக்கும் நிழலிடுவது எதிர்த்திசையில் அதே தவறாகும். பருவத்தின் பிற்பகுதிக் குழிகளுக்கு, அளந்த வெப்பத்தின் அடிப்படையில் நிழலிடுவதே பொருத்தம். பொரித்த குஞ்சின் பாலை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது. உயிருள்ள குஞ்சை அறுத்துப் பார்ப்பது பாதுகாப்புப் பணிக்கு ஒவ்வாது. ஆகவே மணல் வெப்பப் பதிவே பால் விகிதத்தை மதிப்பிடும் வழி. முட்டைகள் கிடக்கும் ஆழத்தில் தானியங்கி வெப்பப் பதிவுக்கருவி ஒன்றைப் புதைத்து, குழியின் எண்ணையும் முட்டையிட்ட நாளையும் பொரித்த நாளையும் அதனோடு சேர்த்துக் குறித்தால் போதும்.

இராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் வனத்துறையின் இசைவோடு இதனை மேற்கொள்ளலாம். பாம்பனில் உள்ள வானிலை நிலையத்தின் காற்று வெப்பப் பதிவோடு மணல் வெப்பத்தை ஒப்பிட்டால், கடந்த ஆண்டுகளின் மணல் வெப்பத்தையும் ஓரளவு மீட்டுரைக்க இயலும். ரோந்து மார்கழி முதல் நாளிலிருந்து தொடங்கப்பட வேண்டும். நடந்தும் தடம் எதுவும் காணாத நாள்களும், நடந்த தொலைவோடு பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அவ்வெற்று நாள்கள் இல்லாத பதிவேட்டிலிருந்து முதல் ஆமை எப்போது வந்தது என்பதைக் கூற இயலாது.